நாட்டு முன்னேற்றமும் நமது நூல்நிலையங்களும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவிலே நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நாட்டு முன்னேற்றமும் நமது நூல்நிலையங்களும் என்பது. இப்பொருளைக் கேட்ட மாத்திரத்தே சிலருக்கு ஓர் ஐயம் எழுதல் கூடும். நாட்டு முன்னேற்றம் என்றால் குளம், வீதி, துறைமுகம், தொழிற்சாலை என்பனவே நினைவுக்கு வரும். ஓய்வுநேரத்திற் பத்திரிகை புரட்டும் இடமாகிய நூல்நிலையத்துக்கும் அதற்கும் யாது தொடர்பு என்று கேட்பார்கள். அந்த ஐயத்தை நீக்குவதற்கு மேல்நாட்டு அறிஞரின் கூற்றுகளை நாம் தேடிப்போக வேண்டியதில்லை. நமது சங்க வாசிகசாலையிலே நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே போதும்.

சில காலத்துக்கு முன்னர் ஒருநாள் மாலை, நமது ஊர்க் கமக்காரப் பெரியவர் ஒருவர் வாசிகசாலைப் படியேறி வந்தார். அவர் பத்திரிகை படிக்க வந்தவரல்லர். கையிலே வெங்காயத் தாள் சிலவற்றைப் பிடித்திருந்தார். தாள்கள் முறுகி, மஞ்சள் நிறம் பாய்ந்து, சாய்ந்து கிடந்தன. "தம்பி, தோட்டம் முழுக்க இப்பிடித்தான் வருகுது. இதுக்கு என்ன செய்யிறதெண்டு ஏதும் புத்தகம் உங்களிட்ட இருக்கோ?" என்று கேட்டார். அன்றைக்குப் பொறுப்பாயிருந்த நாம் அலுமாரியைத் திறந்து பார்த்தோம். நாவல்களும், பரீட்சை வினாத்தாள்களும், பழைய மலர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. "இல்லை ஐயா" என்று சொன்னோம். "சரி தம்பி" என்று அவர் போய்விட்டார்.

மூன்று மாதங்கள் கழிந்தன. விழாவுக்காக அலுமாரியைத் துப்புரவு செய்தபோது, சணற்கயிற்றினாற் கட்டப்பட்ட ஒரு பிரசுரக் கட்டு அடியிலிருந்து வெளிவந்தது. அதனை அவிழ்த்தால், வெங்காயச் செய்கையில் வரும் நோய்களைப் படத்தோடு விளக்கும் கமத்தொழிற் பிரசுரமொன்று, நல்ல தமிழில், அதற்குள்ளே இருந்தது. பெரியவர் நின்று கேட்ட இடத்துக்கும் அது கிடந்த இடத்துக்கும் இடையே நான்கு முழத் தூரங்கூட இல்லை. அந்தப் போகத்தில் அவருடைய தோட்டம் பெரும்பாலும் அழிந்துபோயிற்று.

அன்பர்களே, நாட்டு முன்னேற்றத்துக்கும் நூல்நிலையத்துக்கும் உள்ள தொடர்பு இந்த நான்கு முழந்தான். நூல் இருந்தது, தேவையும் இருந்தது, இரண்டும் சந்திக்கவில்லை. சந்திக்கச் செய்வதே நூல்நிலையத்தின் தொழில். அத்தொழிலை விரைவாகவும் பிழையின்றியும் செய்வதற்குரிய ஒழுங்குகளை ஏற்படுத்துதலே நூல்நிலையத்தை நவீனமாக்குதல் என்பதன் பொருள். கணினி வாங்குவதும், கண்ணாடிக் கதவு போடுவதும், குளிரூட்டி பொருத்துவதும் அதற்குத் துணையாகலாம். அவையே நவீனமாகிவிட மாட்டா.

இக்கருத்தை உலகுக்கு விளங்கவைத்தவர் நமது தமிழகத்தவரே என்பதை நாம் பெருமையோடு நினைத்தல் வேண்டும். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். இங்கிலாந்து சென்று அங்குள்ள நூல்நிலையங்கள் இயங்கும் முறையைக் கண்டுவந்து, 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். அவற்றின் சாரத்தை நமது சொற்களிற் சொன்னால் இவ்வாறு அமையும்: நூல்கள் பூட்டிவைப்பதற்கல்ல, எடுத்தாள்வதற்கே உள்ளன. எந்த மனிதனுக்கும் பொருந்திய நூல் ஒன்று உண்டு. எந்த நூலுக்கும் அதனை நாடும் மனிதன் ஒருவன் உண்டு. வருபவனுடைய நேரம் வீணாகக் கூடாது. நூல்நிலையம் ஓர் உயிர்போல வளர்ந்துகொண்டே இருப்பது. இவ்வளவுதான். நமது பிரசுரக் கட்டு இந்த ஐந்தில் நான்கினையாவது மீறிவிட்டது என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியிலே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றார்கள். மின்சாரமில்லை, மோட்டாரில்லை. ஆயினும் அந்த மாட்டுவண்டி நவீன நூல்நிலையமே. ஏனெனில், நூல் மனிதனைத் தேடிப் போயிற்று. பின்னர் 1948இல் சென்னை மாகாணத்திலே பொது நூல்நிலையச் சட்டம் நிறைவேறி, வீட்டு வரியோடு சேர்த்து அறவிடப்படும் ஒரு சிறு வரி நூல்நிலையங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நூல்நிலையம் தருமவான்களின் தயவில் நிற்கும் பொருளன்று, மக்கள் தம் உழைப்பிலிருந்து தமக்காகவே வைத்துக்கொள்ளும் பொருள் என்பதை அச்சட்டம் நிலைநாட்டியது.

இனி, நமது இலங்கைக்கு வருவோம். நமது நாட்டில் இத்துறையில் எதுவுமே நடைபெறவில்லை என்று சொல்வது நன்றியறியாமையாகும். அச்சிடப்பட்ட நூல்களைப் பதிவு செய்யும் சட்டம் 1885 முதல் இங்கு இருந்துவருகிறது. கொழும்பு நூதனசாலை நூல்நிலையம் அக்காலந்தொட்டு நாட்டின் வெளியீடுகளைச் சேர்த்துவந்திருக்கிறது. நூல்நிலையச் சங்கம் 1960இல் தோன்றி, நூலகர்களுக்கான பாடநெறிகளை நடத்திவருகிறது. தேசிய நூல்நிலையச் சேவைகள் சபை 1970ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. தேசிய நூல்நிலையம் 1990 ஏப்பிரலிற் கொழும்பிலே திறக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் நூல்நிலையச் சேவையோடு ஆவணமாக்கற் சேவையையும் சேர்த்தது. தகவல் அறியும் உரிமையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் ஒவ்வொரு பிரசைக்கும் வழங்கியிருக்கிறது. ஆகவே சட்டங்களுக்குக் குறைவில்லை. தலைநகரிற் பெருங் கட்டடத்துக்கும் குறைவில்லை. குறை எங்கே என்றால், கொழும்பிலே பெருக்கெடுத்த நீர் நமது வயலின் வரம்புவரை வந்து சேருவதற்கான வாய்க்கால்கள் பல இடங்களிலே தூர்ந்து கிடக்கின்றன. அந்த வாய்க்கால்கள் யாவை? பிரதேச சபைகளின் நூல்நிலையங்கள், பாடசாலை நூல்நிலையங்கள், சனசமூக நிலையங்களின் வாசிகசாலைகள், நமது சங்கம் போன்ற சங்கங்களின் அலுமாரிகள் என்பனவே.

தகவல் வந்து சேராதவிடத்து ஒரு நாடு என்ன விலை கொடுக்கிறது என்பதை நாம் அண்மையிலேயே கண்டோம். 2021ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்படுவதற்கு முன்னரே பயிர்ச்செய்கை பெரிதும் தளர்ந்துவிட்டது. அக்கொள்கையின் நன்மை தீமைகளை ஆராய்வது இங்கு நமது நோக்கமன்று. ஆனால் ஒன்றைக் கேட்போம். சேதனப் பசளையை எந்த அளவில், எப்போது, எந்த மண்ணுக்கு இடுவது என்று அறிய விரும்பிய ஒரு கமக்காரன், தனது ஊரில் யாரிடம் போய்க் கேட்டிருப்பான்? நாட்டிலே தேயிலைக்குத் தலவாக்கலையிலும், தெங்குக்கு லுணுவிலையிலும், நெல்லுக்குப் பத்தலகொடையிலும் ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. ஆண்டுக்கணக்காக அங்கே அறிவு சேர்ந்துகொண்டிருக்கிறது. அவ்வறிவின் பெரும்பகுதி ஆங்கிலத்திலே, ஆராய்ச்சியாளர் ஆராய்ச்சியாளருக்கு எழுதும் நடையிலே இருக்கிறது. அதனை நமது மொழியிலே, நமது கமக்காரன் படிக்கக்கூடிய நான்கு பக்கங்களிலே கொடுப்பது யார் கடன்? கமத்தொழிற் திணைக்களம் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தின் மூலம் ஆலோசனை கூறும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. இது போற்றத்தக்கது. ஆயினும், அப்படியோர் இலக்கம் இருக்கிறது என்பதை எழுதி ஒட்டிய வாசிகசாலைகள் நமது பகுதியிலே எத்தனை? நமது சுவரிலே இன்றுவரை அது இல்லை.

அடுத்த ஆண்டு, 2022இல், நாட்டுக்கு வேறொரு சோதனை வந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அச்சுத்தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. "இனிக் காகிதத்தை நம்பிப் பயனில்லை, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவோம்" என்று பலர் சொன்னார்கள். அதே மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு வந்தது. கணினிகள் இருட்டிலே மௌனமாயிருந்தன. இவ்விரண்டும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தமை நமக்கு நல்லதொரு பாடம். காகிதமும் கைவிடும், மின்சாரமும் கைவிடும். ஒன்று கைவிட்டபோது மற்றொன்று கைகொடுக்கும்படி அமைத்துக்கொள்பவனே புத்திசாலி. ஆகவே பழமையா புதுமையா என்று வாதிடுவதை நாம் விட்டுவிடுவோம். இரண்டும் வேண்டும்.

நிற்க, நமது சங்கத்தின் இன்னொரு குறையையும் இங்கே ஒளியாமற் சொல்லிவிட வேண்டும். சென்ற ஆண்டிலே பல்கலைக்கழக மாணவி ஒருவர், நமது ஊரின் கல்வி வரலாற்றை ஆராய்பவர், நமது சங்கத்தின் முதலாவது ஆண்டு மலரைத் தேடி வந்தார். அம்மலர் நம்மிடம் இல்லை. ஒரேயொரு பிரதி இருந்ததென்றும், யாரோ இரவல் வாங்கிப் போனாரென்றும், வாங்கியவர் இப்போது உயிரோடில்லை என்றும் மூத்த அங்கத்தவர்கள் கூறினார்கள். நமது சங்கத்தை ஆரம்பித்த பெரியோர் தம் கைப்பட எழுதிய கட்டுரைகளை நாமே இனிப் படிக்க முடியாது. வந்த மாணவி, "பரவாயில்லை அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார். அது பரவாயில்லை என்று விட்டுவிடக் கூடிய காரியமா?

ஒரேயொரு பிரதி என்னும் இந்த நோய் எத்துணைக் கொடியது என்பதை நமக்கு மேலாக அறிந்த சமூகம் உலகில் அதிகமிராது. யாழ்ப்பாணத்திலே 1933ஆம் ஆண்டில் கே. எம். செல்லப்பா என்னும் பெரியார் தமது வீட்டிலேயே இலவசமாக நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே வாடகை அறையொன்றில், 844 நூல்களோடு, அது பொது நூல்நிலையமாக மலர்ந்தது. சிறுகச் சிறுக வளர்ந்து, 1954இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1959 ஒக்ரோபரிலே அழகிய மண்டபத்திற் குடிபுகுந்தது. அதன் அமைப்பிலே முன்னர்க் கூறிய இரங்கநாதனின் ஆலோசனையும் பெறப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது அது தீக்கிரையாக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. கட்டடம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே மீண்டும் எழுந்து வாசகர்களை வரவேற்றது. அச்சிட்ட நூல்களிற் பலவற்றை வேறிடங்களிலிருந்து பெற்றுக்கொள்ளவும் முடிந்தது. ஆனால் வேறெங்கும் பிரதி இல்லாதிருந்த ஏடுகளை எந்தப் பணத்தைக் கொடுத்து எங்கே வாங்குவது?

தீயினால் மாத்திரமன்று, கறையானாலும், இராமபாணப் பூச்சியாலும், கூரை ஒழுக்கினாலும், இடப்பெயர்வினாலும், இரவல் வாங்கியவர் மறதியினாலும் நூல்கள் நாள்தோறும் அழிகின்றன. சி. வை. தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டியிலே பிறந்து தமிழகம் சென்று, செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து, 1887இலே கலித்தொகையை அச்சேற்றினாரென்றால், அதன் உட்பொருள் என்ன? ஒன்றாயிருந்ததை ஆயிரமாக்கினார். ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையிலே அச்சுக்கூடம் நிறுவியதும் அதே நோக்கத்தோடுதான். அக்காலத்திற் பிரதியைப் பெருக்கும் நவீன கருவி அச்சுப்பொறி. இக்காலத்தில் அக்கருவி மின்வருடியும் இணையமுமாகும். கருவி மாறியது, கடமை மாறவில்லை.

இக்கடமையை உணர்ந்த நம்மவர் சிலர் 2005இல் நூலகம் என்னும் இணைய நூல்நிலையத்தைத் தொடங்கினர். ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், மலர்கள், பிரசுரங்கள் என ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இன்று அங்கே எவரும் காசின்றிப் படிக்கக் கூடியனவாயுள்ளன. இதனைத் தொடங்கியது அரசாங்கமன்று. ஒரு சில ஆர்வலர்களின் உழைப்பே. சிங்கப்பூரிலும் 2015ஆம் ஆண்டிலே, அந்நாடு சுதந்திரமடைந்த பின் அங்கு வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களில் ஏறக்குறைய 350 நூல்கள், தொண்டர் பலரின் உதவியோடு, மின்வடிவம் பெற்றன. அச்சிறு தீவு நூல்நிலையத்தை நாட்டு முன்னேற்றத்தின் ஓர் அங்கமாகவே கருதி, 1992இல் குழுவொன்றை அமைத்து ஆராய்ந்து, 1994இல் திட்டத்தை வெளியிட்டு, 1995இல் தனிச் சபையை நிறுவியது. முதலில் ஆராய்ந்தார்கள்; பின்னர்த் திட்டம் வகுத்தார்கள்; அதன்பின்னரே செயலில் இறங்கினார்கள். நாமோ பல இடங்களில் முதலில் இயந்திரத்தை வாங்கி, அதற்குத் துணி போர்த்து மூடி வைத்துவிட்டுத் திட்டத்தைப் பற்றி யோசிக்கிறோம்.

இயந்திரத்துக்கு முன்னர் வேண்டியது அட்டவணை. நம்மிடம் என்ன உண்டு என்பதை நாமே அறியாவிட்டால், உலகிலுள்ள கணினிகள் யாவும் சேர்ந்தாலும் அதனை நமக்குச் சொல்லமாட்டா. ஆனால் தமிழ் நூல்களுக்கு அட்டவணை செய்வதிலே நமக்கேயுரிய சிக்கல்கள் சில உள. நமது நூல்நிலையங்களிற் பெரும்பாலும் வழங்கும் தூயியின் தசமப் பகுப்பு 1876இல் அமெரிக்காவிலே தோன்றியது. அதில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முதலாக ஒரு முழுப் பிரிவே உண்டு. தமிழிலக்கியம் முழுவதும் 894.811 என்னும் ஒரு மூலையில் அடங்கவேண்டும். இந்து சமய நூல்கள் யாவும் 294.5 என்னும் எண்ணின்கீழ் நெருங்கி நிற்கவேண்டும். சைவ சித்தாந்த சாத்திரமும், தலபுராணமும், கோயில் மலரும் ஒரே எண்ணைப் பெற்று ஒன்றோடொன்று கலந்து கிடப்பதை நமது நூல்நிலையங்களிலே காணலாம். உட்பிரிவுகளை நமது தேவைக்கேற்ப விரித்து, எல்லா நூல்நிலையங்களும் ஒரேவகையாகக் கையாளுதல் வேண்டும்.

பெயர்ச் சிக்கல் மற்றொன்று. ஒரே ஆசிரியர் ஒரு நூலில் கந்தையா என்றும், மற்றொன்றிற் கந்தையாபிள்ளை என்றும், முதலெழுத்தோடும் இல்லாமலும், ஆங்கிலத்திலே நான்கு விதமான எழுத்துக் கூட்டலோடும் தோன்றுவார். தேடுபவனுக்கு அவர் நான்கைந்து மனிதராகிவிடுகிறார். எழுத்துருச் சிக்கல் இன்னுமொன்று. நமது நாட்டிலே பல ஆண்டுகளாகப் பாமினி முதலிய எழுத்துருக்களிலே தட்டச்சுச் செய்து வைத்தவை கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், கணினிக்கு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளே. ஆதலால் தேடினால் அகப்படா. ஒருங்குறி என்னும் பொதுமுறையிலே தமிழ் 1991 முதலே இடம்பெற்றுள்ளது. இனிமேல் நாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் அதிலேயே எழுதுவோமாயின், பிற்சந்ததியார் நம்மை வாழ்த்துவர்.

அட்டவணைக்கான மென்பொருளுக்கு இலட்சக்கணக்கிற் செலவாகுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. நியூசிலாந்திலே கிராமப்புற நூல்நிலையமொன்றின் தேவைக்காகச் செய்யப்பட்டு, 2000ஆம் ஆண்டிலே இயங்கத் தொடங்கிய கோஹா என்னும் மென்பொருள் எவருக்கும் இலவசம். மாவோரி மொழியிலே கோஹா என்பதற்குக் கொடை என்பது பொருள். சிறிய ஊரொன்றுக்காக எழுந்த ஏற்பாடு இன்று உலகெங்கும் பயன்படுகின்றது. நமது நாட்டு நூல்நிலையங்கள் சிலவும் அதனைக் கையாளுகின்றன. ஊர்ச் சிறிதாயினும் காரியம் பெரிதாகலாம் என்பதற்கு இது சான்றாகும். பல நூல்நிலையங்களின் அட்டவணைகள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டால், கிளிநொச்சியிலுள்ள ஒருவர் தமக்கு வேண்டிய நூல் மட்டக்களப்பிலோ கண்டியிலோ இருப்பதை வீட்டிலிருந்தே அறிந்துகொள்வார். எல்லா நூலையும் எல்லா ஊரும் வாங்க நமக்குப் பணமில்லை. இருப்பதைப் பகிர்ந்துகொள்வதற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை.

இத்தனைக்கும் மேலாக வேண்டியவர் ஒருவர் உண்டு. அவர்தாம் நூலகர். அலுமாரித் திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு நூல்களைக் காவல்செய்பவரை நாம் நூலகர் என்று அழைத்து வந்திருக்கிறோம். நூலகர் என்பவர் வருபவனுடைய கேள்வியைப் பொறுமையாகக் கேட்டு, அவன் சொல்லத் தெரியாமல் நிற்பதையும் விளங்கிக்கொண்டு, விடை எங்கே இருக்கும் என்பதை அறிந்து கொடுப்பவர். வெங்காயத் தாளோடு வந்த பெரியவருக்கு "இல்லை" என்று சொல்லாமல், "இருங்கோ ஐயா, நாளைக்கு விசாரிச்சுச் சொல்லுறன்" என்று சொல்பவரே நூலகர். அத்தகையவருக்குப் பயிற்சியும், தகுந்த சம்பளமும், ஆசிரியருக்குரிய மதிப்பும் கிடைக்குமாறு நமது உள்ளூராட்சிச் சபைகளை நாம் வற்புறுத்த வேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் வீதியையும் விளக்கையும் பற்றிக் கேட்கும் நாம், நூல்நிலையத்துக்கு இவ்வாண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

மற்றவர்களுக்குச் சொல்வதோடு நாம் அமைந்துவிடுவது அழகன்று. ஆதலால் நமது சங்கம் இவ்வாண்டிலே செய்யத்தக்க காரியங்கள் சிலவற்றை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, அலுமாரியிலுள்ள ஒவ்வொரு நூலையும், பிரசுரத்தையும், மலரையும் பதிவுப் புத்தகத்தில் ஒருமுறையும், கணினியில் ஒருங்குறியில் ஒருமுறையும் பதிதல் வேண்டும். மின்வெட்டு வந்தாற் புத்தகம் கைகொடுக்கும். புத்தகத்தைக் கறையான் அரித்தாற் கணினி கைகொடுக்கும்.

இரண்டாவது, நமது ஊர்க் கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், அந்தியேட்டி நாளிலே வெளியிடப்படும் கல்வெட்டுகள், பழைய துண்டுப்பிரசுரங்கள் முதலியவற்றை வீடுவீடாகச் சென்று சேர்த்தல் வேண்டும். ஒருவர் இறந்த வீட்டார் அச்சிடும் அச்சிறு கல்வெட்டிலே அவருடைய வமிசமும், தொழிலும், ஊரின் பழங்கதையும் அடங்கியிருக்கின்றன. அவற்றை விற்பனைக்கு வாங்க இயலாது. இப்போது சேர்க்காவிட்டாற் பின்னர் எப்போதும் சேர்க்க இயலாது.

மூன்றாவது, நமது சங்க மலரின் பிரதிகளை இனி ஒவ்வோராண்டும் தேசிய நூல்நிலையத்துக்கும், யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்துக்கும், இணைய நூல்நிலையத்துக்கும் தவறாது அனுப்புதல் வேண்டும். நமது முதல் மலருக்கு நேர்ந்த கதி இனி எந்த மலருக்கும் நேரக்கூடாது. அம்முதல் மலரின் பிரதி உங்களில் எவருடைய வீட்டிலாவது, பரணிலோ பெட்டகத்திலோ இருக்குமாயின், தயவுசெய்து கொண்டுவாருங்கள். படமெடுத்துவிட்டு உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம்.

நான்காவது, வாசிகசாலையின் ஒரு பக்கத்தைத் தகவல் மூலையாக ஒதுக்குதல் வேண்டும். கமத்தொழில், கடற்றொழில், சுகாதாரம், தொழிற்பயிற்சி, அரசாங்க விண்ணப்பங்கள் என ஐந்து பிரிவுகள் போதும். தமிழ் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. ஆகவே தமிழ்ப் பிரசுரங்களைக் கேட்டுப் பெறுவது இரத்தலன்று. நமது உரிமையைச் செலுத்துதல். ஆங்கிலத்தில் மட்டும் உள்ள பயனுள்ள கட்டுரைகளை நமது பட்டதாரி வாலிபர்கள் மாதம் ஒன்றாவது எளிய தமிழிற் சுருக்கி எழுதித் தரலாம்.

ஐந்தாவதாக நாம் கேட்பது மிகச் சிறியது. ஒரு கேள்விக் கொப்பி வேண்டும். யார் வந்தார், என்ன கேட்டார், விடை கொடுத்தோமா, எத்தனை நாளிற் கொடுத்தோம் என்று நான்கு நிரல்கள் அதில் இருக்கட்டும். விடை தெரியாத கேள்விக்கு எதிரே வெற்றிடம் இருக்கும். அவ்வெற்றிடம் நிரம்பும்வரை அன்றைய பொறுப்பாளர் ஓயக்கூடாது. மாலைதோறும் இருவர் முறைவைத்து இருந்தாற் போதும். பெண்களும் சிறுவர்களும் தயக்கமின்றி வருவதற்கேற்ற நேரத்தையும் வகுத்துக்கொள்ளலாம்.

நவராத்திரியிலே நாம் நூல்களைக் கும்பத்தின்முன் அடுக்கி வைத்துச் சரசுவதியை வழிபடுகிறோம். ஆனால் விசயதசமியன்று அந்நூலை எடுத்துத் திறந்து படிப்பதோடுதான் அவ்வழிபாடு நிறைவெய்துகிறது. வைப்பது மட்டும் மரபன்று, எடுப்பதும் மரபு. ஆண்டு முழுவதும் வைத்தபடியே இருக்கும் அலுமாரியில் வழிபாடு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

அன்பர்களே, அடுத்த ஆண்டு விழாவிலே காரியதரிசி அவர்கள் வழக்கமான அறிக்கையை வாசிப்பதற்கு முன்னர், அந்தக் கேள்விக் கொப்பியை இந்த மேடையிலே வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எத்தனை கேள்விகள் வந்தன, எத்தனைக்கு விடை கொடுத்தோம் என்பதே நமது சங்கம் நாட்டுக்குச் செய்த சேவையின் கணக்காகட்டும். அந்தக் கமக்காரப் பெரியவர் இப்போதும் தோட்டஞ் செய்கிறார். இந்த மழைக்குப் பின் மறுபடியும் வெங்காயம் நடுவார். அப்பிரசுரத்தை நாம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் நம்மீது ஒரு சொல்லும் குறைகூறவில்லை. "இதை முந்தியே தந்திருக்கலாமே, தம்பி" என்று மாத்திரம் சொன்னார். இனி இந்த ஊரில் வேறெவரும் நம்மைப் பார்த்து அவ்வாறு சொல்ல நேராதிருப்பதாக.